வாளியில் ஒரு மணி நேரம் நின்ற கடல்

தம்பி,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நீ லீவில் வந்திருந்தபோது, நீ குளிக்கப் போன நேரம் பார்த்து உன் லேப்டாப்பைத் திறந்தேன். நீ மூடாமல் போய்விட்டாய் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் நன்றாக மூடித்தான் வைத்திருந்தாய். மேல் மூடியை நிமிர்த்தினேன், எந்தப் பூட்டும் கேட்காமல் வெளிச்சம் வந்தது. ஒரு வாரமாக நீ போனைக் கவிழ்த்தே வைத்திருந்தாய், மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினாய், மீன் குழம்பைக் கூடக் குறை சொல்லாமல் சாப்பிட்டாய். எந்தத் தாய்க்கும் சந்தேகம் வரும். ஒரு பெண்ணின் போட்டோ கிடைக்கும் என்றுதான் பார்த்தேன். தெலுங்கா, பெங்காலியா, நம் ஆட்களா என்று மட்டும் தெரிந்துகொண்டு மூடிவிடுவதாகத் திட்டம். போட்டோ இல்லை. கட்டம் கட்டமாக எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு. கட்சால் தீவு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவள் நான், இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் நம் மின்னி பே ஜெட்டியின், அதாவது படகுத்துறையின், பெயர் எந்த எழுத்தில் இருந்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். மற்ற ஊர்களுக்கெல்லாம் மாவிலைத் தோரணம் மாதிரி நடுவில் நடுவில் மஞ்சளும் சிவப்பும் தொங்கின. நம் ஜெட்டிக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே பச்சை. பெண்ணின் போட்டோ இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

இதை உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். நீ கட்டைவிரல் ஒன்றை அனுப்பிவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் நம் தெருக் கோயில் திருவிழா மலரில் எழுதுகிறேன். மலர்க் குழுவில் இருக்கிற பெண், "ஏதாச்சும் லெட்டர் மாதிரி எழுதிக் குடுங்கக்கா, ரெண்டு பக்கம் காலியா கெடக்கு" என்று கேட்டதும் எனக்கு வசதியாகப் போயிற்று. தெருவே படித்தால் நீயும் படித்தாக வேண்டும்.

தெருவுக்காக ஒரு விளக்கம். பதினொரு வருடமாக நான் தினம் காலையில் ஜெட்டிக்குப் போய் ஒரு வாளியைக் கடலில் விட்டு, தண்ணீர் எடுத்து, அதில் தெர்மாமீட்டரை வைத்து, கடலின் சூடு எவ்வளவு என்று ரெஜிஸ்டரில் எழுதுகிறேன். மாதம் முடிந்ததும் அது கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் போகும். என் மகன் படித்து, அதே மாதிரி எல்லாக் கரையிலிருந்தும் வருகிற எண்களைச் சோதிக்கிற ஆபீசில் சேர்ந்திருக்கிறான். எண் நல்லதாக இருந்தால் ஒன்று, சந்தேகமாக இருந்தால் மூன்று, கெட்டதாக இருந்தால் நான்கு என்று மார்க் போட வேண்டும். ஒன்றுக்குப் பச்சை, மூன்றுக்கு மஞ்சள், நான்குக்குச் சிவப்பு. நடுவில் இரண்டு எங்கே போனது என்று உன்னைக் கேட்டேன். "அது வேறம்மா, சொன்னா குழம்பிடுவ" என்றாய். அன்றைக்கே எனக்கு உன் ஆபீஸ் மேல் ஒரு சந்தேகம். அது கிடக்கட்டும்.

இந்த வேலைக்கு நான் ஏன் போனேன் என்று உன் அப்பாவைக் கேட்டால் சம்பளத்துக்கு என்பார். உண்மை அது இல்லை. கட்சாலில் கடல் எங்கள் லைன் வீட்டுக்குள் வந்தபோது உனக்கு மூன்று வயது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ரப்பர் மரத்துக்கு நடுவே மேட்டில் ஏறியவள், அதற்குப் பிறகு பல வருடம் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததில்லை. போர்ட் பிளேருக்கு வந்தபின் பஸ்ஸில்கூடக் கடல் தெரிகிற பக்கத்து சீட்டில்தான் உட்காருவேன். அழகாக இருக்கிறது என்று மற்றவர்கள் பார்ப்பார்கள், நான் என்ன செய்கிறது என்று பார்ப்பேன். தினம் காலையில் கடலைப் போய்ப் பார்த்து எழுத ஒரு ஆள் வேண்டும் என்று சொன்னபோது, சும்மா பார்த்துக்கொண்டிருந்ததற்கு ஒரு நோட்டும் பேனாவும் கிடைக்கிறதே என்று போய்விட்டேன்.

மெயின்லேண்டிலிருந்து ஒரு சார் வந்து பழக்கிக் கொடுத்தார். கேன்வாஸ் வாளி. ஜெட்டியின் நிழல் பக்கமாகக் கடலில் விட வேண்டும். முதலில் எடுக்கும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், அது வாளி கடலுக்குப் பழகுவதற்கு. இரண்டாவது தண்ணீரில்தான் அளவு. மூன்று நிமிடம் பொறுத்து, தெர்மாமீட்டரை வெளியே தூக்காமல் குனிந்து படிக்க வேண்டும். "தூப் மே நஹி, தீதி, வெயில்ல வைக்கக் கூடாது" என்று தன் தமிழையும் சேர்த்து நாலு தரம் சொன்னார். வெயிலில் வைத்தால் கடலை அளந்ததாக ஆகாது, வாளியை அளந்ததாகத்தான் ஆகும் என்றார். நான் தலையை ஆட்டினேன். ஒரு வருடம் அப்படியே செய்தேன்.

பிறகு கோடைக்காலங்கள் வந்தன. நம் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை, காலை ஏழரைக்கு, அரை மணி நேரம். அதை விட்டால் அடுத்த மூன்று நாளைக்கு நக்கிக் குடிக்கவும் இருக்காது. என்னுடைய அளவு நேரமோ எட்டு மணி. இரண்டும் எப்படி ஒத்துவரும்? அதனால் தண்ணீர் வரும் நாளில் மட்டும், ஏழு மணிக்கே போய் வாளியை இறக்கிக் கடலை எடுத்து ஜெட்டி மேல் வைத்துவிடுவேன். கேன்வாஸ் கிழிந்த பிறகு அது காலி பெயிண்ட் வாளி, அதுவும் கறுப்பு. மேட்டில் இருந்து, சின்னப் படகு ஓட்டுகிற டிங்கிக்காரர் பிஸ்வாஸ், "தீதி, பானி ஆ கயா, ஜல்தி" என்று தண்ணீர் வந்துவிட்டதைக் கத்திச் சொல்வார். நான் வீட்டுக்கு ஓடி, டிரம்மும் குடமும் நிரப்பி, எட்டேகாலுக்கு மூச்சு வாங்கத் திரும்பி வந்து, இன்னொரு தரம் வாளியை இறக்கச் சோம்பி, அதில் காத்திருக்கும் கடலையே குனிந்து படித்து எழுதுவேன். சூரியன் அதற்குள் ஜெட்டி மேல் நன்றாக ஏறியிருக்கும். எண் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ரெஜிஸ்டரில் நேரக் கட்டத்தில் எட்டு மணி என்று அச்சடித்தே வந்தது. பொய்யை நான் எழுதவில்லை, பிரஸ்காரன் எழுதியிருக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. பத்து வருடமாக அதில் நான் எழுதியது "மழை" ஒன்றுதான்.

அதனால் உன் திரையில் பச்சையைப் பார்த்ததும் முதலில் எனக்கு வந்த சந்தேகம், இவன் அம்மாவின் எண் என்று பார்க்காமலே ஒன்று போட்டுவிட்டான் என்பது. கோபம் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது, மறைக்க மாட்டேன். மகன் தாயைச் சோதிக்கக் கூச்சப்படுகிறான் என்றால் எந்தத் தாய்க்குப் பிடிக்காது? நீ கப்பல் ஏறிப் போன மறுநாள் தண்ணீர் நாள். டிரம்மை நிரப்பிவிட்டு, ஹோஸ் பைப்பைச் சுருட்டும்போதுதான் என் கை அப்படியே நின்றது. இந்தப் பைப்பை எட்டாம் வகுப்பிலிருந்து சுருட்டியவன் யார்? நீ. ஜெட்டி மேல் வெயிலில் நிற்கிற வாளியைப் பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்த்துவிட்டு, "என்னம்மா, கடலக் காயப் போட்டிருக்கியா?" என்று கேட்டவன் யார்? அதுவும் நீதான். மூன்று நாளைக்கு ஒருமுறை ஏறி இறங்குகிற அந்த எண்ணைப் பார்த்தால், உன் ஆபீசில் மற்றவர்களுக்கு அது ஏதோ நீரோட்டம் என்று தோன்றலாம். உனக்கு அது நம் வீட்டு டிரம். நீ பார்க்காமல் பச்சை போடவில்லை. பார்த்து, தெரிந்து, பச்சை போட்டிருக்கிறாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே போன் செய்தேன். நாம் பேசியதைத் தெருவுக்கும் சொல்கிறேன், நான் ஒரு வார்த்தையும் கூட்டவில்லை.

"மின்னி பே மட்டும் முழுக்கப் பச்சையா இருக்கே, ஏன்?"

"லேப்டாப்பத் தொறந்தியாம்மா?"

"பேச்ச மாத்தாத."

"எல்லாம் நல்ல அளவும்மா. அதான் பச்சை."

"மூணு நாளைக்கு ஒருக்கா ஏறுதா, இல்லையா?"



"சின்ன ஏத்தம்மா அது. யாரும் கவனிக்க மாட்டாங்க."

"நீ கவனிச்சியா?"

"சார் கூப்பிடுறாரு, அப்புறம் பேசுறேன்."

"ஞாயித்துக்கெழமை உனக்கு எந்த சார்டா?"

வைத்துவிட்டாய். அடுத்த மாதம் உன் வேலையை நிரந்தரமாக்குகிறார்களா இல்லையா என்று தெரியும் என்று நீயே சொல்லியிருந்தாய். இப்போது போய் அம்மாவின் எண்ணுக்கு நான்கு போட்டால், முதலில் ஏன் ஒன்று போட்டாய் என்று கேட்பார்கள். என் வேலையும் போய்விடும் என்று பயந்திருப்பாய். மொட்டை மாடிப் பேச்சும், கவிழ்த்த போனும், குறை சொல்லாத குழம்பும் இப்போது எனக்கு விளங்கிவிட்டன. என்னைப் பற்றிக் கவலைப்படாதே. வேலை போனால் கடலைச் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொள்வேன், முன்பும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் விஷயம் அப்படி இல்லை. உன்னிடம் இருக்கிற ஒரே சரக்கு, நீ பச்சை என்றால் அது பச்சை என்பதுதான். ஒரு ஜெட்டிக்குக் கண்ணை மூடியவன் வேறு எந்த ஜெட்டிக்கு மூடினான் என்று கேட்டால் நீ என்ன பதில் சொல்வாய்? கேட்கிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட, தெர்மாமீட்டரைச் சூடான கஞ்சியில் வைத்துவிட்டு வாயில் வைத்துக்கொண்டு வந்து நின்றாய். பாதரசம் கண்ணாடியின் கடைசிவரை போய் முட்டிக்கொண்டு நின்றது. "இது மனுஷன் இல்ல, இட்லி" என்று சொல்லிப் பையை மாட்டி அனுப்பினேன். தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். இந்தக் கதையின் மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு வாரம் கழித்து நீ மறுபடி வந்து நின்றாய், எண் மறுபடி கூடத்தான் காட்டியது. நான் உன் நெற்றியைக் கூடத் தொடவில்லை. "போடா இட்லி" என்று அனுப்பிவிட்டேன். மதியம் டீச்சர் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். உன் உடம்பு அவர் புடவைக்கு மேலேயே சுட்டது. நான் சந்தேகப்பட்டது தப்பில்லை. உதறிவிட்டு இன்னொரு தரம் வைத்துப் பார்க்காததுதான் தப்பு. அந்த ஒரு நிமிடச் சோம்பேறித்தனத்துக்கு உனக்கு நான்கு நாள் காய்ச்சல். இப்போது யோசித்துப் பார். என் வாளியை நம்பி யாரோ ஒருவர் நம் கடலுக்குக் காய்ச்சல் என்று எழுதிவைப்பார். பிறகு ஒருநாள் எப்படியோ வெயில் விஷயம் வெளியே வரும். அப்புறம் நிஜமாகவே கடலுக்குக் காய்ச்சல் வரும் வருடத்தில், இது அந்த மின்னி பே அம்மாவின் வாளி, தள்ளு என்பார்கள். கடலை இட்லி என்று சொல்ல நான் தயாராக இல்லை.

அதனால் உனக்கு ஒரு உதவி செய்திருக்கிறேன். தண்ணீர் நாள் எது, சாதாரண நாள் எது என்று ரெஜிஸ்டரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்றுதானே நினைத்திருப்பாய்? சமையலறைக் காலண்டரில், தண்ணீர் வந்த நாளில் எல்லாம் நான் நீலப் பேனாவில் ஒரு சுழி போட்டு வைப்பேன், அடுத்த நாள் எது என்று எண்ணுவதற்கு. பழைய காலண்டர்களை நான் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை. அலமாரியில் பாத்திரத்துக்கு அடியில் விரித்திருந்தேன். எல்லாப் பாத்திரத்தையும் இறக்கி, ஒவ்வொன்றாக உருவி, எண்ணெய்க் கறையைத் துடைத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டுப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். சுழி போட்ட கோடை நாளுக்கெல்லாம் நான்கு போடு, யோசிக்காதே. ஒரு வருடத்துக் காலண்டர் மட்டும் கிடைக்கவில்லை. உன் அப்பா டாலிகஞ்சில் அவர் நடத்துகிற டீக்கடைக்கு எடுத்துப்போய் அதில் வடை மடித்துக் கொடுத்துவிட்டார். ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அந்த வருடக் கோடைக்கு மொத்தமாக மூன்று போடு. எது நல்லது எது கெட்டது என்று எனக்கே தெரியாததை நீ தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே.

மலர் அச்சாகி வர இருபது நாள் ஆகுமாம். அதற்குள் நீயே உன் சாரிடம் போய்ச் சொல்லிவிடு. மலர் கைக்கு வந்த பிறகு சொன்னால் மாட்டிக்கொண்டவன் சொல்கிற மாதிரி இருக்கும். ஒரு பிரதி உன் ஆபீசுக்கு அனுப்ப விலாசம் எழுதிய கவரை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறேன், சும்மா தகவலுக்காகச் சொல்கிறேன்.

இதுவரை எழுதி முடித்து, மலர்க் குழுவிடம் கொடுப்பதற்கு முன் உன் போன் வந்தது. காலண்டர் போட்டோக்களைப் பார்த்ததாகச் சொன்னாய். மூன்று நாள் தூங்கவில்லை என்றாய். சாரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றாய். நான் நம்பவில்லை.

"சார்கிட்ட குடு."

"அம்மா, அவரு பெரிய ஆளும்மா."

"பெரிய ஆளுன்னா காது கேக்காதா? குடு."

கொடுத்தாய். அந்த மனிதர் ஹிந்தியில் மெதுவாகத்தான் பேசினார். உன்னை அன்று நன்றாகத் திட்டியிருக்கிறார், அதை அவரே சொன்னார், எனக்குத் திருப்தியாக இருந்தது. நிரந்தரம் பற்றிக் கேட்டேன். அது என் கையில் மட்டும் இல்லை என்றார். இப்படிச் சொல்கிறவர்களை நான் பொதுவாக நம்புவதில்லை. ஆனால் அடுத்து அவர் கேட்ட கேள்வியில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அந்தக் கறுப்பு வாளி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியானால் கொஞ்ச நாளைக்கு இரண்டு வாளியாக எடுங்கள், ஏழு மணிக்கு ஒன்றை எடுத்து முன்பு போலவே வெயிலில் விடுங்கள், எட்டுக்கு இன்னொன்றை முறைப்படி நிழலில் பாருங்கள், வெயில் எவ்வளவு கூட்டுகிறது என்று தெரிந்தால் பழைய எண்களைக் குப்பையில் போடாமல் காப்பாற்ற முடிகிறதா பார்க்கலாம் என்றார். தப்பை எப்படிச் செய்தேனோ அப்படியே மறுபடி செய்து காட்ட வேண்டும். இந்த மாதிரி வேலையை யாரும் எனக்கு இதுவரை கொடுத்ததில்லை.

நீ மறுபடி போனை வாங்கி, "சந்தோஷமாம்மா?" என்றாய். உன் குரல் கரகரத்தது. ஜலதோஷம் என்றாய். நான் அதற்கு மூன்று போட்டு வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொடுக்காமல் விட்டுவிடலாமா என்று மலர்க் குழுவிடம் கேட்டேன். பக்கம் காலியாகிவிடும், முடியாது என்றுவிட்டார்கள். அதனால் முதல் நான்கு நாள் கணக்கையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். தண்ணீர் நாளில் குழாயைப் பிடிக்க பிஸ்வாஸின் மனைவியை ஏற்பாடு செய்துவிட்டேன், நான் ஜெட்டியை விட்டு நகர்வதில்லை.

முதல் நாள். நிழல் வாளி இருபத்தெட்டு புள்ளி எட்டு. வெயில் வாளி இருபத்தொன்பது புள்ளி ஆறு.

இரண்டாம் நாள். நிழல் வாளி இருபத்தெட்டு புள்ளி ஒன்பது. வெயில் வாளி இருபத்தொன்பது புள்ளி ஏழு. குறிப்பு: லேசான காற்று.

மூன்றாம் நாள். நிழல் வாளி இருபத்தெட்டு புள்ளி ஒன்பது. வெயில் வாளி இருபத்தொன்பது புள்ளி இரண்டு. குறிப்பு: ஏழு நாற்பதிலிருந்து மேகம்.

நான்காம் நாள். நிழல் வாளி இருபத்தொன்பது. வெயில் வாளிக்கு அளவு இல்லை. குறிப்பு: எட்டு பத்துக்கு உன் அப்பா பூரி கொண்டுவந்தார். வரும் வழியில் மீன் செதிலை மிதித்திருந்தார். தெர்மாமீட்டரை எடுத்துப் பத்திரமாக ஓரத்தில் வைத்துவிட்டு, வெயில் வாளியில் வலது காலைக் கழுவினார். பிறகு இடது காலைக் கழுவினார். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததாகச் சொன்னார்.